'உண்மையாக' என்றொரு சொல்

1

இந்தக் கதையை எழுத வைத்தது ஒரே ஒரு சொல்: 'உண்மையாக'. 1928இல் எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் வேலையிழந்தவன் வாராந்தர உதவித்தொகை வாங்க வேண்டுமானால், தான் 'உண்மையாக வேலை தேடுபவன்' என்று மூன்று பேர் முன்னால் நிரூபிக்க வேண்டும். அந்த மூவரில் முதலாளிகள் தரப்பில் உட்கார்ந்தவன் நான். கார்டிஃபில் நிலக்கரி ஏற்றுமதி செய்யும் குடும்பம் எங்களுடையது. பேரம் கேட்டே பல் முளைத்தவன் நான். ஆகவே என் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'பள்ளத்தாக்கின் மேல் மழை மெல்ல...'

வேண்டாம். மழை இங்கே எப்போதும் பெய்கிறது.

இரண்டாவது: 'பசியால் வாடிய முகத்தோடு வாட்கின் ப்ரோபர்ட்...'

பொய். முப்பது வருடம் கரி வெட்டிய வாட்கின் அன்று நன்றாகச் சவரம் செய்து, தேவாலயத்துக்குப் போகும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். அதுவும் அவனுக்கு எதிராகத்தான் போனது. குழுத் தலைவர் லெய்ஷன் என் காதருகே குனிந்து, "ஆளு ஷோக்காத்தானே இருக்கான்" என்றார்.

3

"எந்தெந்தச் சுரங்கத்துக்குப் போயி வேலை கேட்டே?" என்றார் லெய்ஷன்.

"எங்கயும் போகலைங்க."

குழுவின் மூன்றாவது ஆள், தொழிற்சங்கத்து இட்ரிஸ் பெய்னன், நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்லுய்யா வாட்கின். நாலு சுரங்கம் பேரைச் சொன்னாப் போதும்."

"நம்ம பள்ளத்தாக்குல இருக்கறது ஏழு. ஏழும் மூடிக் கெடக்கு. பூட்டுன கேட்டுகிட்ட போயி என்னத்தக் கேக்க? சௌக்கியமான்னா?"

[இதை அடிக்குறிப்பாகக் கொள்க: அவனுக்கு முன்னால் வந்த கெதின் ஏழு பெயரையும் வரிசையாக ஒப்பித்தான். அதில் ஒன்று தண்ணீர் புகுந்து இரண்டு வருடம் ஆகிறது. லெய்ஷன் ஏழுக்கும் சரிக்குறி போட்டார். கெதினுக்குப் பணம் கிடைத்தது. 'உண்மையாக' என்ற சொல்லுக்கு அந்த அறையில் என்ன பொருள் என்பது பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். வாட்கின் அதை அகராதிப்படி புரிந்துகொண்டுவிட்டான்.]

4

அடுத்து அவன் கேட்டதை ஒவ்வொரு வரைவிலும் அடித்துப் பார்த்தேன். ஒரு சுரங்கத்தொழிலாளி இப்படிப் பேசுவானா, நான்தான் அவன் வாயில் திணிக்கிறேனா என்று என்னையே ஏமாற்றப் பார்த்தேன். அவன் பேசினான். என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

"கரி விக்கலைன்னுதானே முதலாளி சுரங்கத்த மூடுனாங்க? விக்கறவரு நீங்க. கரி வாங்கற ஆளைத் தேடி நீங்க எந்தெந்தத் துறைமுகத்துக்குப் போனீங்க?"

பதில் என்னிடம் தயாராக இருந்தது. ஜெர்மன்காரன் போர் இழப்பீடாகப் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் கரி அனுப்புகிறான். லண்டனில் பவுண்டின் மதிப்பைத் தூக்கி வைத்து எங்கள் கரியை யாரும் வாங்க முடியாத விலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கப்பல்கள் எண்ணெய்க்கு மாறுகின்றன. அத்தனையும் உண்மை. நான் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் கால் வைத்து மூன்று வருடம் ஆகிறது என்பதும் உண்மை. அங்கே ஒரு தந்தி அடித்தேன். 'வேண்டாம்' என்று வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். என்னை மட்டும் எந்த மூன்று பேரும் நிற்க வைத்துக் கேட்கவில்லை.

"கேள்வி கேக்கறது நாங்க," என்றேன்.

"அதுஞ்சரிதாங்க. வீட்டுல அஞ்சு உருப்படி. திங்கறதுக்கு என்னன்னு அதுங்க கேட்டா என்ன சொல்லட்டும்? அதையும் நீங்களே சொல்லிடுங்க."

5

முடிவு அ: நான் எழுந்து நின்று அந்தச் சட்டத்தைக் கிழிகிழியென்று... எழுதும்போதே கூசியது. எழுதிய தாளைத்தான் கிழித்தேன்.

முடிவு ஆ: வாட்கின் மேசையைக் கவிழ்க்கிறான். கவிழ்த்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம். அவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

நடந்தது இவ்வளவுதான். பெய்னன் அவனுக்காகக் கையைத் தூக்கினார். லெய்ஷன் தூக்கவில்லை. இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அந்த ஐந்து பேரும் சாப்பிடட்டும் என்றால் கையைத் தூக்குங்கள். சட்டம் சட்டம்தான் என்றால் கை மடியிலேயே கிடக்கட்டும். ஒன்றும் வலிக்காது. எனக்கு வலிக்கவில்லை.