ஆளில்லாத தெரு

இடது காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டு, முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடையோடு நின்றுபோன வலது காலை மடக்கி, அதன்மேல் தலையணையும் தலையணைமேல் வீடியோ கேம் மெஷினுமாக உட்கார்ந்திருந்தான் இசக்கித்துரை. உள்ளங்கை அகலத் திரைக்குள் தொப்பி போட்ட ஒரு பையன் சக்கரப் பலகைமேல் நின்றபடி படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கி வந்தான். பாதியிலேயே பலகை ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். கைகால் சுருண்டு தரையில் கிடந்தவன் கண் இமைப்பதற்குள் எழுந்து மறுபடி பலகைமேல் நின்றான். தறிக்கூடத்துக்குப் போகத் தூக்குவாளியோடு நின்ற அவன் பெண்டாட்டி கோமதித்தாய் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காலை நீட்டுங்க."

"நீட்டுதேன்."

"நேத்தும் இதத்தான் சொன்னீய."

அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். மூட்டை மடக்கியே வைத்திருந்தால் அப்படியே இறுகிப் போகும், இறுகிய மூட்டில் செயற்கைக் கால் மாட்ட முடியாது, தினமும் ஒரு மணி நேரமாவது குப்புறப் படுக்க வேண்டும் என்று. காலுக்கு அளவெடுக்கும் முகாமுக்கு ஆள் நேரில் போயாக வேண்டும். இரண்டு முகாம் வந்து போய்விட்டது, இவன் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை. மூன்றாவது முகாம் ஆடித்தபசுத் திருவிழா முடிந்து வருகிற திங்கட்கிழமை. மூட்டு இப்போதே முழுசாக நீளவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இதையும் விட்டால் அப்புறம் கால் என்ற பேச்சே கிடையாது.

பனவடலிசத்திரம் போகிற மினி பஸ்ஸில் பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்தவன். எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார், யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒரு கால் படியிலும் ஒரு கால் காற்றிலுமாகத் தொங்கிக்கொண்டு விசில் அடிப்பான். போன புரட்டாசியில் ஒரு வளைவில் கை நழுவியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் ஊரே திரண்டு வந்து பார்த்தது. வந்தவர்கள் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள். எட்டாம் நாள் தெருக்கதவைச் சாத்தச் சொன்னான். அன்றிலிருந்து கதவு சாத்தியே கிடக்கிறது.

மெஷினைக் கொண்டு வந்தது அவள் தம்பி மகாராஜன். பெங்களூரில் வேலை பார்க்கிறவன், சித்திரையில் வந்தபோது அத்தானுக்குப் பொழுது போகட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனான். உண்மையைச் சொல்ல வேண்டும், முதலில் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் வீட்டில் அவன் சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்தச் சனியன்தான் மூட்டை மடக்கிப் போட்டிருக்கிறது என்று புரிவதற்குள் ஆனி பிறந்துவிட்டது.

பிடுங்கி வைக்க மனசு வரவில்லை. அதனால் ஒரு யோசனை செய்தாள். இதே விளையாட்டு டிவியில் மாட்டி ஆடுகிற மாதிரியும் உண்டு என்று மகாராஜன் ஒருமுறை சொல்லியிருந்தான். டிவி என்றால் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டே ஆடலாமே. டாக்டரம்மா சொன்னதும் ஆயிற்று, வீட்டுக்காரர் ஆசையும் ஆயிற்று. தபசுக்கு வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டு வரச் சொல்லித் தம்பிக்குப் போன் போட்டாள். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மகாராஜன் வந்து மாட்டினான். இசக்கித்துரை மறுபேச்சில்லாமல் குப்புறப் படுத்தான். மடங்கிய கால் பாயில் படிந்ததைப் பார்த்து அவள் அடுப்படியில் நின்று கோமதியம்மனைக் கும்பிட்டாள். அதே படிக்கட்டு, அதே பையன், எல்லாம் டிவியில் பெரிதாக வந்தது. பையன் விழுந்தான். பை வைத்துக்கொண்டு நடந்துபோன ஒருத்தி நின்று திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து விலகினார்கள்.

"நிப்பாட்டுலே," என்றான் இசக்கித்துரை.

"ஏன் அத்தான்? படம் தெளிவா இல்லையா?"

"இதுல ஆளு இருக்கு."

மகாராஜன் சிரித்தான். "ஒரே கேம்தான் அத்தான். சின்ன மெஷின் தாங்காதுன்னு அதுல ஆளுகளை எடுத்துட்டு வெறுந்தெருவ மட்டும் வச்சிருக்கான். இதுதான் முழுசு."

இசக்கித்துரை கையை ஊன்றித் தவழ்ந்து கட்டிலுக்குப் போய், காலை மடக்கி, சின்ன மெஷினைத் தலையணைமேல் வைத்துக்கொண்டான்.

அரிசி களைந்துகொண்டிருந்த கோமதித்தாய்க்குக் கை ஓடவில்லை. வலி, சோம்பல், வீம்பு என்று இத்தனை நாள் எதையெதையோ நினைத்து ஏசியிருக்கிறாள். அவன் விழுந்து எழுந்திருக்க ஆளில்லாத ஒரு தெருவைத் தேடியிருக்கிறான். பெண்டாட்டியாய் இருந்தும் தனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அழுதாள்.

தபசு அன்று தறிக்கூடம் லீவு. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் தெருவில் இருந்த சனம் முழுக்க, தவமிருக்கிற அம்மனுக்குச் சாமி காட்சி கொடுப்பதைப் பார்க்கத் தெற்கு ரத வீதிக்குப் போய்விட்டது. மகாராஜனும் போய்விட்டான். அவள் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, கட்டில் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊன்றுகட்டைகள் இரண்டையும் சாய்த்து வைத்தாள்.

"எந்திரிங்க. தெருவுல ஒரு ஆளு கெடையாது. எல்லாரும் தபசுக் காட்சிக்குப் போயிட்டாவ."

"அம்மன் ஒத்தக்கால்ல நின்னா ஊரு கும்பிடுது," என்றான் அவன். "நான் நின்னா உச்சுக் கொட்டும்."

"கொட்டுததுக்குத்தான் ஆளே இல்லங்கேன்லா. முனைவரைக்கும் போயிட்டு வந்துருவோம். முடியலன்னா நாளப்பின்ன முகாம்னு நான் வாயே தொறக்க மாட்டேன்."

அவன் கதவைப் பார்த்தான். பிறகு கட்டைகளை எடுத்துக்கொண்டான்.

பத்து மாசத்துக்கு அப்புறம் வெயில் பட்டதில் கண் கூசியது அவனுக்கு. எல்லா வீட்டிலும் பூட்டுத் தொங்கியது. பத்தடிக்கு ஒருதரம் நின்றான். அக்குளில் வலித்திருக்க வேண்டும், சொல்லவில்லை. மூன்றடி பின்னால் கோமதித்தாய் கையை நீட்டுவதும் மடக்குவதுமாக வந்தாள். வலது கால் முழங்காலோடு மடங்கியே ஆடிக்கொண்டு வந்தது. தெருமுனைக்கு நாலு வீடு இருக்கும்போது, குறுக்குச் சந்திலிருந்து பையோடு ஒரு பொம்பளை திரும்பினாள்.

"ஏ, கண்டக்டர் தம்பிதான? எங்கல போயித் தொலஞ்ச இத்தன நாளு?"

பனவடலிசத்திரம் முருகம்மாள். வத்தல் மூட்டைக்கு லக்கேஜ் கேட்டால் பஸ்ஸையே இரண்டாக்குகிறவள். கூட்டம் கலையுமுன் பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்கே வந்திருக்கிறாள். அப்புறம்தான் காலைப் பார்த்தாள். உச்சுக் கொட்டவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"காலு போயிட்டா?"

"போயிட்டுக்கா."

"எந்தச் சக்கரம்?"

"பின்சக்கரம்."

"இப்பம் என்ன செய்யுது?"

ஒண்ணுமில்லை என்பான் என்று கோமதித்தாய் நினைத்தாள். யார் கேட்டாலும் அவன் சொல்வது அதுதான்.

"வலியில்லக்கா. பெருவிரலு அரிக்கி," என்றான் இசக்கித்துரை. "விரலே இல்ல, ஆனா அரிக்கி. சொறியக் கைய கொண்டு போறேன், பாய்தான் தட்டுப்படுது. யாருட்டயும் சொல்லல. கிறுக்குன்னுருவாவ."

வலி குறைஞ்சிருக்கா என்றுதான் கோமதித்தாய் தினமும் கேட்டாள். ஆமாம் என்பதைத் தவிர வேறு பதிலுக்கு அந்தக் கேள்வியில் அவள் இடமே விடவில்லை.

ரத வீதிப் பக்கமிருந்து சனத்தின் குரவைச் சத்தம் எழுந்து அடங்கியது. காட்சி முடிந்துவிட்டது. தெருமுனையில் முதல் குடும்பம் திரும்பியது, தோளில் பிள்ளையோடு ஒருவன், பின்னால் நாலைந்து பேர், அவர்களுக்குப் பின்னால் இன்னும் தலைகள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்த கோமதித்தாய் அதை விட்டுவிட்டு, புருஷன் முன்னால் போய்ப் புழுதியில் குத்தவைத்து உட்கார்ந்தாள். இடது பாதத்துக்குப் பக்கத்தில், வலது பாதம் இருக்க வேண்டிய வெறுந்தரையில், நகத்தால் சொறிந்தாள்.

"இங்கனயா?"

இசக்கித்துரை வருகிற கூட்டத்தைப் பார்த்தான், குனிந்து அவளைப் பார்த்தான். மடங்கியிருந்த மூட்டு அவள் விரலை நோக்கி மெல்லக் கீழே நீண்டது.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்," என்றான்.