மதுமதி கட்டிய புதிர்வழி

என் மகள் மதுமதி சென்ற மழைக்காலத்தில் டெங்குவில் இறந்தாள். அவள் எடுத்துக்கொண்டிருந்த குறும்படம் கடைசிக் காட்சி இல்லாமல் நின்றது. முனிர்காவின் சந்துகளில் வழி தெரியாமல் சுற்றும் ஒரு பெண்ணின் கதை. அவளே நடித்தாள், கேமராவை நான் பிடித்தேன்.

படத்தைத் தொகுத்த அவளுடைய வகுப்புத் தோழன் கதிரவன் தன் அறையில் எனக்குப் போட்டுக் காட்டினான். திருப்பத்துக்குப் பின் திருப்பம். அவள் திகைத்து நிற்கும் முகத்தில் படத்தை நிறுத்தியிருந்தான்.

"இங்கயே முடிச்சிரலாம்மா. புதிர்வழிப் படம்னா யாரும் வெளிய வரக்கூடாது. அதான் அழகு. போட்டியில ஜூரி அழுதிருவாங்க."

"அழட்டும். ஆனா அவ தொலைஞ்சு போகலியே. இதுல எத்தனை சந்து இருக்குங்கறே?"

"ஏழெட்டு இருக்கும்."

"ஒண்ணுதான்."

சிரித்தான். நான் படத்தைப் பின்னால் ஓட்டச் சொன்னேன்.

"அந்தப் பச்சைப் புடவை என்னோடது. அடுத்த சந்துல தொங்குற மஞ்சளும் என்னோடதுதான்."

கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பை நிறையப் புடவைகள் கொண்டுவருவேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பால்கனிக்குப் பால்கனி மாற்றிக் கட்டுவோம். ஒரு முறை இந்தப் பக்கமிருந்து நடப்பாள், அடுத்த முறை அந்தப் பக்கமிருந்து. சந்து மாறிவிடும்.

"அடிப்பாவி! என்னையே ஏமாத்திட்டாளே."

"அந்தப் புடவைச் சுவரைக் கட்டினதே அவதான்ப்பா. அவளுக்கா வழி தெரியாது? ஞாயித்துக்கிழமை கேமராவை எடுத்துட்டு வா. முடிச்சிருவோம்."

ஞாயிறு காலை அதே சந்தில் எல்லாப் புடவைகளையும் கட்டினோம். கதிரவன் சந்தின் ஒரு முனையில் கேமராவை வைத்தான். நான் ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே நடந்தேன்.

முதல் மாடியிலிருந்து ஒரு பெண் ஹிந்தியில் கத்தினாள். "அரே ஆன்ட்டி ஜி, மறுபடியும் கடை விரிச்சாச்சா? உங்க ஹீரோயின் எங்கே?"

கதிரவன் கேமராவை அணைக்கப் போனான். வேண்டாம் என்று கை காட்டினேன்.

"இறந்துட்டா" என்றேன், அவளுடைய ஹிந்தியிலேயே. "அவளோட படத்தை முடிக்கிறோம்."

அந்தப் பெண் தன் பால்கனிக் கம்பியில் கட்டியிருந்த முடிச்சை அவளே அவிழ்த்து, புடவையை என் கைக்கு எட்டும்படி மெதுவாக இறக்கினாள்.

சந்து கோடிவரை நேராகத் தெரிந்தது. அங்கே அவுட்டர் ரிங் ரோடு, வெயில், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்த பஸ்கள். அந்தக் கேள்வி, என் பதில் எல்லாமே படத்தில் இருக்கின்றன. ஒன்றையும் வெட்ட நான் விடவில்லை.