எட்டாவது ஃபெயில்

அம்மாவின் வலது கண், மூன்று வருடக் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது. பேரம் எதுவும் நடக்கவில்லை. மங்கல் விளக்கில் சட்டைகளுக்குப் பட்டன் துளை தைத்துத் தைத்து, மகள் பட்டம் வாங்கிய மாதத்தில் பார்வை நின்றுபோனது. "இந்தப் பக்கமாப் பிடிடி" என்று இடது கண்ணருகே வைத்துத்தான் அந்தப் பட்டத்தைப் பார்த்தாள்.

அது இப்போது அரிசி டின்னுக்கு அடியில் கிடக்கிறது. சாயப்பட்டறையில் மகள் வெறும் 'எட்டாவது ஃபெயில்'. "படிச்சவங்க வேணாம்மா, சம்பளத்தைவிடக் கேள்வி அதிகமாக் கேப்பாங்க" என்று முதலாளி முதல்நாளே சொல்லியிருந்தார். பட்டத்தோடு பதினேழு இடம் ஏறி இறங்கியவளுக்கு, அதை மறைத்த அன்றே வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவின் இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து.

விடியுமுன் ஈரத்துணிச் சுமை தோளேறிவிடும். சாயக் காரத்தில் விரல்நுனி வெந்து ரேகை அழிந்துகொண்டிருந்தது. அதைவிடக் கஷ்டம், கண்ணை அடக்குவது. எழுத்து தெரியாதவர் பார்வை காகிதத்தில் ஒரே இடத்தில் நிற்கும். தெரிந்தவருக்கு வரிவரியாக ஓடும். ஓடவிடக்கூடாது. 'முள் எட்டைத் தாண்டினால் வெளியேறவும்' என்ற கொதிகலன் பலகையை ஒரு வருடமாக அவள் படமாகத்தான் பார்த்தாள்.

இன்று கொதிகலனின் முள் ஒன்பதில். நேற்று ஆவி சீறி, அடுப்புக்காரரின் கை முழங்கைவரை வெந்துவிட்டது. உள்ளே யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம்.

முதலாளி காகிதமும் மைப்பெட்டியுமாக வந்தார். "ஒண்ணுமில்ல, வைத்தியச் செலவுக்குக் கம்பெனி தர்ற உதவி. ஆளுக்கொரு ரேகை."

அவள் குனிந்தாள். கண் ஓடிவிட்டது. 'கொதிகலன் நல்ல நிலையில் இருக்கக் கண்டோம். இனி எந்த உயிர்ச்சேதம் நேர்ந்தாலும் எங்கள் கவனக்குறைவே.'

'இனி' என்ற இடத்தில் நின்றது.

"கண்ணு ஓடுது, நிறுத்து" என்று பின்னால் முணுமுணுத்தான் மூட்டை தூக்கும் நெட்டை.

"உனக்கெப்படித் தெரியும்?"

"நானும் நிறுத்தித்தான் வச்சிருக்கேன்."

அவள் நிமிர்ந்தாள். "பேனா குடுங்க சார்."

"எட்டாவது ஃபெயிலுக்குப் பேனா எதுக்கு?"

"எட்டாவது பாஸ் சார். அதோட நிக்காம மேல படிச்சிட்டேன்." சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

"பொய் சொல்லித்தானே உள்ள வந்த?"

"நாம ரெண்டு பேருமே பொய்தான் சார். என் பொய்ல யாரும் சாக மாட்டாங்க."

"வேலைக்காகக் கேட்டுல நாப்பது பேர் நிக்கிறான், ஞாபகம் வச்சுக்கோ!"

நெட்டை மூட்டையை இறக்கினான். "எம்.எஸ்ஸி. இயற்பியல். அழுத்தம்னே எனக்கு ஒரு பாடம் இருந்துச்சு. அடுப்பை அணைச்சிட்டு எல்லாரும் வெளிய வாங்க."

முதலாளியின் மேசைப் பேனாவோடும் மைப்பெட்டியோடும் வெளியே வந்து, வாசலில் வைத்துக் காகிதத்தைத் திருப்பி அவள் எழுதினாள்: 'கொதிகலனைச் சரிசெய்யும்வரை உள்ளே போகமாட்டோம்.' பேனா கை மாறியது. பி.காம். என்றது ஒரு குரல். டிப்ளமா என்றது இன்னொன்று.

கூட்டிப் பெருக்கும் அக்கா தயங்கினார். "எனக்கு நெசமாவே தெரியாதுடி. இன்னொருதரம் வாசி." முழுக்கக் கேட்டபிறகே பெருவிரலை மையில் அழுத்தினார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பெருவிரல்.

உள்ளே சத்தம் இன்னும் அடங்கவில்லை. கேட்டுக் கம்பிக்கு வெளியே வேலைக்கு நின்றவர்களிடம் அவள் காகிதத்தை நீட்டினாள். ஒரு ஜோடிக் கண் வரிவரியாக ஓடத் தொடங்கியது. பக்கத்தில் இன்னொன்று.

கையெழுத்து இருபத்தாறு. கைரேகை ஐந்து. பாக்கி, நாற்பது.