புள்ளடி போடாத பக்கம்

“பெப்ரவரி வரைக்கும் என் தம்பிக்கு உங்கள் அணியில் அந்த இடத்தை வைத்திருங்கள்” என்று ஆங்கிலத்தில், தெளிவாக, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று மரியோ எங்களுக்குச் சொல்லியிருந்தார். மரியோ, தம்பி றூபனின் பள்ளிக்கூடக் கோச். என்ன சாப்பாடு கொடுப்பீர்கள், எங்கே படுக்க வைப்பீர்கள், கால் முறிந்தால் யார் பார்ப்பது, எதை வேண்டுமானாலும் கேளுங்கள். அவகாசம் மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் மனமில்லை என்று நினைத்து அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்கள் என்று சொல்லியிருந்தார். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, “செலீன், நீ வாயைத் துறக்காத” என்று காலையிலிருந்து மூன்று தரம் எனக்குச் சொல்லிவிட்டார்.

கனடாவில், அஜின்கோர்டில் எங்கள் வீட்டு வரவேற்பறை அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தயாரானதுபோல இருந்தது. அலுமாரியிலிருந்து பொன் விளிம்புக் கோப்பைகள் இறங்கியிருந்தன. அம்மா மீன் ரோல்ஸ் பொரித்திருந்தாள். நடுச் சோபாவில் கோச் றொனால்ட். எல்லைக்கு அப்பால், அமெரிக்காவிலுள்ள ஒரு கல்லூரியின் ஃபுட்போல் அணியில் முன்வரிசைக்காரருக்குப் பயிற்சி கொடுப்பவர். காலால் உதைக்கிற ஃபுட்போல் அல்ல, தலைக்கவசம் போட்டு முட்டுகிற ஃபுட்போல். என் தம்பி றூபன் அதில் முன்வரிசையில் நின்று எதிராளியை மறிக்கிறவன். பந்தை அவன் தொடுவதே இல்லை.

“புதன்கிழமை வரைக்கும்தான் எனக்கு நேரம் இருக்கிறது” என்றார் றொனால்ட். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “உங்கள் தம்பியைப் போலவே இன்னொரு பையன் பென்சில்வேனியாவில் இருக்கிறான். அவனுடைய அம்மாவும் நன்றாகத்தான் சமைக்கிறாள்.”

“சரி. ஓகஸ்டில், ஆட்டம் தொடங்கும்போது, நீங்கள் அங்கே இருப்பீர்களா?”

பக்கத்தில் இருந்த மரியோ இருமினார். றொனால்ட் றூபனைப் பார்த்தார். “அந்தக் கல்லூரியை நான் மிகவும் நேசிக்கிறேன்” என்றார்.

நான் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறாரா, வேறொன்றைச் சொல்லியிருக்கிறாரா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இது வேறொன்று.

விஷயம் சிக்கலானதல்ல. முன்பெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அமெரிக்கக் கல்லூரிகளோடு கையெழுத்து வைப்பது பெப்ரவரியில். இப்போது டிசம்பர் தொடக்கத்திலேயே ஒரு வாசலைத் திறக்கிறார்கள்; றொனால்ட் சொன்ன புதன்கிழமை அதுதான். பெப்ரவரி வாசல் இன்னமும் இருக்கிறது, ஆனால் அதற்குள் அநேகமான இடங்கள் நிரம்பிவிடும். அதனால் எல்லோரும் டிசம்பரில் விழுந்தடித்துக்கொண்டு வைக்கிறார்கள். கோச்மார் வேலை மாறுகிற காலமும் அதேதான். றொனால்டின் அணி அந்த வருடம் படுமோசமாகத் தோற்றிருந்தது. தலைமைக் கோச்சை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. அவர் போனால் அவருடைய ஆட்களும் போவார்கள். பிள்ளை புதன்கிழமை கையெழுத்து வைப்பான், கோச் திங்கட்கிழமை வேறு ஊரில் நிற்பார்.

அதோடு இன்னொன்றும் கேட்டார்கள். றூபன் ஜனவரியிலேயே வந்துவிட வேண்டுமாம். பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் பாதியை விட்டுவிட்டு, மிச்சப் பாடங்களை இணையத்தில் முடித்துக்கொண்டு. இரசாயனத்தில் அவன் இப்போதுதான் தலையெடுத்திருந்தான். அதைப் பற்றி அந்த அறையில் என்னைத் தவிர ஒருவருக்கும் கவலையில்லை. இந்த வீட்டில் யூனிவர்சிட்டிக்குப் போய்ப் படித்து முடித்தவள் நான் ஒருத்திதான். அங்கே போனால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிற சுகம் எனக்கு இல்லை. ஒருவரும் பார்த்துக்கொள்ளமாட்டார்கள்.

றொனால்டின் கையில் அம்மா மிச்ச ரோல்ஸைக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். கதவு சாத்தியதும் அப்பா தொடங்கினார்.

“வீட்டுக்கு வந்த மனுசனிட்டை உப்பிடியே கேக்கிறது?”

“ஓமப்பா. உப்பிடித்தான் கேக்கிறது.”

“வாக்குக் குடுத்தாச்சு, பிள்ளை. ஊருக்கும் சொல்லியாச்சு. இனி எழுத்து முடியட்டும். எழுத்து முடிஞ்சால் ரெண்டு பக்கமும் கட்டுப்பட்டதுதானே. ஆர் எங்க ஓடுறது?”

அப்பாவுக்கு இது ஒரு கலியாண எழுத்து. பதிவுகாரர் முன்னால் கையெழுத்து வைத்துவிட்டு, தாலியை ஆறுதலாகக் கட்டுவது எங்கள் குடும்பத்தில் பழக்கம்தான். மாமியே அப்படித்தான் கனடாவுக்கு வந்தாள்.

“மாமிக்கு எழுத்து முடிஞ்சு ஒண்டரை வருஷத்தால எல்லோ அவர் கூப்பிட்டவர்” என்றார் அப்பா. “மனுசன் மாறினவரே?”

“மாமி எழுதினது மாமாவோட. இவன் எழுதப்போறது கொலிஜோட, அந்தாளோட இல்லை. மாப்பிள்ளை நாளைக்கு வேற ஊருக்குப் போனாலும் இவன் அந்த வீட்டு மருமகள்தான்.”

“நான் ஏன் மருமகள்?” என்றான் றூபன், மிஞ்சிக் கிடந்த ஒரு ரோலைக் கடித்தபடி. ஆறடி நாலங்குலம். சோபாவில் இரண்டு பேருடைய இடம் அவனுக்கு வேண்டும்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

“பிடிக்காட்டிப் பிறகு வேற கொலிஜுக்கு மாறலாமாம். மரியோ சொன்னவர்.”

“போக முதலே திரும்பி வாற வழியைச் சொல்லித் தந்திட்டாரோ? நல்ல கலியாணம்.”

அப்பா எழுந்து மேலே போய்விட்டார். அவர் அதற்குமேல் கத்தாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். என்னோடு கோபித்துக்கொண்டால் புதன்கிழமை அவருக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது.

எங்கள் வீட்டுக்கு வருகிற எந்தத் தாளையும் நான்தான் முதலில் வாசிப்பது. எனக்குப் பதினொரு வயதிலிருந்து அப்படித்தான். வங்கி, பள்ளிக்கூடம், அப்பாவின் முதுகு நோவுக்கு வேலைத்தலத்திலிருந்து வந்த கடிதங்கள், எல்லாம். வாசித்துவிட்டு, அப்பா கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடி போடுவேன், வாக்குச் சீட்டில் போடுகிற பெருக்கல் குறிபோல. செலீன் வாசித்துவிட்டாள், பிழையில்லை என்று அதற்கு அர்த்தம். அப்பா ஒன்றையும் கேட்கமாட்டார். புள்ளடிக்கு மேல் ‘அமிர்தநாதர்’ என்று தமிழில் நீட்டி எழுதுவார். புள்ளடி இல்லாத இடத்தில் அவர் பேனையை வைத்து நான் கண்டதில்லை.

றூபனுக்குப் பதினேழு வயது. அவனுடைய கையெழுத்துக்குக் கீழே பெற்றவரின் கையெழுத்தும் வேண்டும்.

திங்கட்கிழமையும் செவ்வாயும் வீடு கலியாண வீடாகவே இருந்தது. புதன் பின்னேரத்துக்குச் சேர்ச் மண்டபம் எடுத்தாகிவிட்டது. தலைக்கவச வடிவில் கேக். ஒஷாவாவிலிருந்து வரப்போகிற மாமி தொலைபேசியில் அம்மாவிடம், “தம்பி எத்தினை கோல் அடிப்பான்?” என்று கேட்டது ஸ்பீக்கரில் கேட்டது.

“அவன் பந்தைத் தொடமாட்டானாம்” என்றாள் அம்மா.

“அப்ப என்னத்துக்கு அவங்கள் காசும் குடுத்துக் கூப்பிடுறாங்கள்?”

“ஆருக்குத் தெரியும். பெரிய உடம்பெல்லோ.”

நான் பட்டம் எடுத்த அன்று இரவு வீட்டில் பீட்சா வாங்கினார்கள். அதில் அன்னாசி போட்டிருந்தார்கள், எனக்குப் பிடிக்காதென்று தெரிந்தும். ஒரு மண்டபமும் எடுக்கவில்லை. இதைப் பொறாமை என்று யாரும் நினைத்தால் நினைக்கட்டும். ஓம், பொறாமைதான். ஆனால் பெப்ரவரி வரை பொறுக்கச் சொன்னது பொறாமையால் அல்ல.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, ஜிம்மிலிருந்து றூபனை ஏற்றப் போனேன். காருக்குள் ஏறியதும் சீற்றைக் கடைசிவரை பின்னால் தள்ளினான். காலை மடக்கி ஒரு வழியாக உட்கார்ந்தான். கோப்பிக்கடைச் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது பேசினான்.

“அக்கா, நாளைக்கு நீ புள்ளடி போடாத.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“ஏனடா? உனக்கு ஆசையெண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்.”

“ஆசைதான். பட், எனக்கு அந்த கொலிஜைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஐ லைக் கோச் றொனால்ட். ஞாயிறுக்கு ஞாயிறு என்ர வீடியோவைப் பாத்துக் கொமென்ற் அனுப்புவார். என்ர இடதுகால் லேற்றா வருதெண்டு கண்டுபிடிச்ச ஒரே ஆள் அவர்தான். மரியோவே காணேல்லை.”

“பிறகென்ன?”

“நீ அண்டைக்குக் கேட்டது எனக்குள்ள கிடந்து குடைஞ்சுது. அவர் போன பிறகு நானும் ரெக்ஸ்ற் பண்ணினனான். ஓகஸ்டில நீங்கள் இருப்பீங்களோ, ஓமோ இல்லையோ எண்டு.”

“என்ன சொன்னவர்?”

போனைத் தூக்கிக் காட்டினான். றூபனின் கேள்விக்குக் கீழே, கையை மடக்கிப் புஜத்தைக் காட்டுகிற ஒரு மஞ்சள் படம். ஒரு சொல் இல்லை. ஞாயிறு பின்னேரத்திலிருந்து அது அப்படியே இருந்தது.

பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். சிக்னல் பச்சையாகியிருந்தது. நான் காரைக் கோப்பிக்கடை வாசலுக்குள் திருப்பி நிறுத்தினேன்.

“பெப்ரவரியில ஒண்டும் மிஞ்சாட்டி?” என்று கேட்டேன். “அதையும் யோசி. மரியோ சொல்லுறது பொய்யில்லை. இப்ப விட்டால் பிறகு ஒருத்தனும் கூப்பிடாமலும் விடலாம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சோ சொல்லுறாய்?”

“இங்க ஒண்டாரியோவில விளையாடுவன். கெமிஸ்ற்ரியும் முடிச்சிடுவன். அவர் அங்க நிண்டு, பெப்ரவரியிலயும் கூப்பிட்டால் போவன்.” கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் கோடு கீறினான். “நீ புள்ளடி போடாட்டிக் காணும். அப்பா வைக்கமாட்டார்.”

எனக்குக் கோபம் வந்தது. இந்தத் தரம் அவன்மேல்.

“அப்ப நான்தான் குழப்பினதெண்டு வரும். மாமியில இருந்து மரியோ வரைக்கும். ‘படிச்ச திமிரில தம்பியின்ர வாழ்க்கையை நாசமாக்கினவள்’ எண்டு. எனக்குப் பின்னால ஒளியாத, றூபன். உன்ர வாயால சொல்லு.”

அவன் கதவைத் திறந்து இறங்கினான். கோப்பிக்கடைக்குள் போய் இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்தான். என்னுடையதில் சீனி போடவில்லை, ஞாபகம் வைத்திருந்தான்.

“சொல்லுறன். நாளைக்கு அப்பாட்டை நானே சொல்லுறன். ஆனா நீ அங்க நிண்டால் எல்லாரும் உன்ர முகத்தைத்தான் பாப்பினம். அப்பாவும் உன்னைத்தான் பாப்பார். நானும் உன்னைத்தான் பாப்பன். நான் சொல்லேக்குள்ள நீ நிக்காத.”

“சரி” என்றேன்.

புதன்கிழமை காலை குசினி மேசையில் வெள்ளை விரிப்பு. இந்தக் கையெழுத்தைப் போனிலேயே வைக்கலாம்; ஆனால் வீடியோவுக்குப் பேனை வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். அதனால் மரியோ தாள்களை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அம்மா போனைச் சீனிப்போத்தலில் சாய்த்து வைத்திருந்தாள். மேசை நடுவில் கல்லூரியின் தொப்பி. அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, பொக்கற்றில் பேனை செருகியிருந்தார். றூபன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடப் பை அவன் காலடியில் கிடந்தது. அதை நான் ஒருத்திதான் கவனித்தேன்.

நான் தாள்களை முழுவதுமாக வாசித்தேன். எழுதியிருந்ததில் பிழையொன்றும் இல்லை. கல்லூரி என்ன தரும், எவ்வளவு காலத்துக்குத் தரும், எல்லாம் நேராகத்தான் எழுதியிருந்தார்கள். றொனால்டின் பெயர் எங்கேயும் இல்லை. இருக்காதென்று எனக்குத் தெரியும். தாள்களை அடுக்கி அப்பாவுக்கு முன்னால் வைத்துவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

அம்மா போனில் சிவப்புப் புள்ளியை அழுத்தினாள்.

அப்பா கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பேனையின் மூடியைக் கழற்றினார். கண் தாளின் கீழ்ப்பகுதியில் இடமும் வலமுமாகத் தேடியது. முதல் பக்கத்துக்குப் போய்த் திரும்பவும் கடைசிக்கு வந்தார்.

“செலீன், புள்ளடி எங்க?”

“போடேல்லை அப்பா.”

“எழுதினதில பிழை இருக்கோ?”

“இல்லை.”

“பிறகேன் போடேல்லை?”

மரியோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பேனை அந்தரத்தில் நிற்பது தெரிந்தது. “ஏதாவது பிரச்சினையா?” என்று என்னிடம்தான் கேட்டார். அம்மாவும் என்னைத்தான் பார்த்தாள். றூபன் சொன்னது சரி. அந்த மேசையைச் சுற்றியிருந்த எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது, அவனுடையதையும் சேர்த்து. அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். இன்னும் ஒரு நிமிடம் நின்றால் நான் சொல்லிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. அவனைவிட நன்றாகவே சொல்லுவேன்.

“இண்டைக்கு என்னைக் கேக்காதேங்கோ அப்பா. பக்கத்தில இருக்கிறவனைக் கேளுங்கோ.”

சுவர்க் கொழுவியில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்தேன்.

“எங்கயடி போறாய் இந்த நேரத்தில?” என்றாள் அம்மா.

“காரைச் சூடாக்க. இவனுக்கு முதல் பாடம் கெமிஸ்ற்ரி.”

சப்பாத்தைக் காலில் கொழுவிக்கொண்டு கதவைத் திறந்தேன். பின்னால் கதிரை ஒன்று தரையில் உரசியது. “அப்பா” என்று றூபன் தொடங்குவது கேட்டது. நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.