இறக்கும் பாட்டு

அலபாமாவில் கோபர்ன் என்கிற ஊருக்கு முதலில் வந்தது தண்டவாளம். ஊர் அதன் பின்னால்தான் வந்தது. ரயில் நின்ற இடத்தில் மர அறுவை ஆலை, ஆலைக்காகக் கடைகள், பாதைக்கு வடக்கே வெள்ளைக்காரர் வீடுகள், தெற்கே கறுப்பர் வீடுகள். கலையும்போது ஆலை முந்திக்கொண்டது. கடைகள் பலகை அடித்துக்கொண்டன, பயணிகள் வண்டி நின்றது. மிஞ்சிய தண்டவாளத்தையும் இந்த அக்டோபரில் பெயர்க்க வந்துவிட்டார்கள்.

லெமுவலுக்கு அது தெரியக் கூடாது. ஓடெஸாவுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

அவள் கணவர் லெமுவல் அந்தப் பாதையின் பாட்டுக்காரர். அவர் பாடினால்தான் பாதை போடும் ஆட்கள் எட்டுப் பேரும் ஒரே மூச்சில் தண்டவாளத்தைத் தூக்குவார்கள், பாடினால்தான் இறக்குவார்கள். இப்போது பக்கவாதத்தில் விழுந்து பாதையோரத்து வீட்டில் கிடந்தார். இந்த வாரம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் போய்விட்டது, காது மட்டும் பழைய காது.

"பழைய தண்டவாளத்த எடுத்துட்டுப் புதுசு போடறாங்களாம்" என்று சொல்லிவைத்தாள்.

முகத்தின் நல்ல பக்கம் சிரித்தது. "நம்ம ஊர ரயில் கைவிடாதுன்னு சொன்னேன்ல? ஆமா, வேலை நடக்குது, பாட்டக் காணோமே?"

ஓடெஸா சோள ரொட்டியும் கோழி வறுவலும் எடுத்துக்கொண்டு பாதைக்குப் போனாள். பெயர்க்க வந்த கூட்டத்துக்குத் தலைவன் ரூஃபஸ், ஒரு காலத்தில் லெமுவலிடம் வேலை பார்த்தவன். அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"ரூஃபஸ், பாடிக்கிட்டே எடுங்கப்பா."

"பிடுங்கற வேலைக்கு என்னக்கா பாட்டு? சாவு வீட்டுல கல்யாண மேளமா?"

"புதுசு போடறாங்கன்னு சொல்லிவெச்சிருக்கேன். உங்கண்ணன் கேட்டுக்கிட்டே கண்ண மூடட்டும்டா."

அவன் கோழிக்காலைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். "என் குரலக் கேட்டா அண்ணன் எழுந்து வந்து உதைப்பாரு. உதைக்கட்டும், பாடறேன்."

காலை முழுக்கப் பாட்டு கேட்டது. லெமுவலின் நல்ல கை போர்வையில் தாளம் போட்டது. "கழுதை இன்னும் மூக்காலதான் பாடறான்" என்றார். நாலு கரண்டிக் கஞ்சி குடித்தார். ஓடெஸா சமையலறையில் போய் நின்று இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மதியம் கை நின்றது.

"ஓடெஸா."

"என்னங்க?"

"தூக்குற பாட்டாவே பாடறான். இறக்குற பாட்டு எங்க?"

பாட்டென்றால் எல்லாம் ஒரே பாட்டு என்று நினைத்துத்தான் அவள் ரூஃபஸிடம் கேட்டுவிட்டு வந்தாள். கட்டைமேல் தண்டவாளத்தை வைக்க மெதுவான பாட்டு ஒன்று உண்டு. பெயர்த்ததை வண்டியில் வீசி எறிவதற்கு அது வேண்டாம். ரூஃபஸால் அதைப் பொய்யாகவும் பாட முடியாது. கேட்ட மாத்திரத்தில் எட்டுப் பேர் கையும் இறங்கிவிடும். இரும்பு கால்மேல் விழும்.

"சாயங்காலம் பாடுவாங்களா இருக்கும்."

"எடுத்த எடத்துல உடனே போடணும், புள்ள. நாப்பது வருசம் அதானே செஞ்சேன்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். "பிடுங்கறாங்க, இல்ல?"

அவள் அழுதாள். அதுவே பதிலாயிற்று.

"ஜன்னலச் சாத்தட்டுமாங்க?"

"வேணாம். தெரிஞ்சுபோச்சுன்னு ரூஃபஸ்கிட்ட சொல்லிடு. அவன் தொண்டையாவது பொழைக்கட்டும்."

போய்ச் சொன்னாள். ரூஃபஸ் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். அதன்பின் பாட்டு இல்லை. தண்டவாளம் வண்டியில் விழும் ஓசை மட்டும். கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு ஓசைக்கும் அந்தக் கை அவள் விரல்களை இறுக்கிற்று.

ஓசை ஆலையைத் தாண்டி, பருத்திக் காடுகளைத் தாண்டிப் போயிற்று. பொழுது சாய்ந்தபோது அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் விரல்கள் இன்னும் இறுகி இறுகித் தளர்ந்துகொண்டிருந்தன.