படிக்கட்டுக்காக வெட்டிய மண்

நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மண்சுவரை வெட்டிவிட்டார்கள்.

அகழாய்வுக் குழியின் ஒரு பக்கத்தைச் செங்குத்தாக அப்படியே விட்டுவைப்பது எங்கள் வழக்கம். அதில்தான் மண் அடுக்கடுக்காகத் தெரியும். மேலே இருப்பது புதியது, கீழே போகப் போகப் பழையது. அன்று காலைத் தூறலில் நனைந்த சுவரில் ஒன்றைப் பார்த்திருந்தேன். மேலே போட்டிருந்த சிமெண்டுத் தரைக்கு அடியிலேயே தொடங்கி, எல்லா அடுக்குகளையும் கிழித்துக்கொண்டு, அடியில் கிடந்த எலும்புக்கூடு வரை இறங்கிய கறுப்பு மண். யாரோ சமீப காலத்தில் மேலிருந்து குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெயில் சாய்ந்தால் நிறம் நன்றாகத் தெரியும், அப்போது படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சாப்பிடப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திரும்பி வந்தால் சுவர் இருந்த இடத்தில் படிக்கட்டு. நாளைக்கு அமைச்சர் இறங்கி வர வேண்டுமாம்.

"யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

"யாரைக் கேக்கணும்?" என்றார் அகழாய்வு இயக்குநர். அவர் என் அக்காவின் கணவர். அந்தத் தைரியத்தில்தான் நான் அவரிடம் கத்துகிறேன், அவரும் என்னைச் சின்னப்பிள்ளையாகவே நடத்துகிறார். "சுத்திலும் பழைய பானை ஓடு. ரெண்டாயிரம் வருஷத்து மண்ணு. அப்போ எலும்பும் ரெண்டாயிரம் வருஷம். இதுல உனக்கென்ன குடைச்சல்?"

"மாமா, பரண்ல தாத்தா காலத்துப் பெட்டிக்குள்ள என் போனை வெச்சா, போனும் தாத்தா காலத்துதாயிடுமா?"

"நாக்கு ரொம்ப நீளுது. உங்க அக்காகிட்டதான் சொல்லணும்."

எலும்புக்கூட்டுக்குக் கண்ணாடிப் பெட்டிகூடத் தயார். சமீபத்தியது என்று தெரிந்தால் போலீஸ் வரும், குழியை மூடுவார்கள், அவர் பெயர் காற்றில் போகும். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வேலிக்கு வெளியே ஒருத்தர் நிற்கிறாரே, அவருக்கு யார் பதில் சொல்வது?

வேலியம்மா என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். இந்த இடம் ஒரு காலத்தில் ராணுவ முகாம். விசாரணை என்று அவருடைய தம்பியை வீட்டிலிருந்து இங்கேதான் கூட்டி வந்தார்கள். உள்ளே போனவன் வெளியே வரவில்லை. எலும்பு கிடைத்தது என்று கேள்விப்பட்டதிலிருந்து தினமும் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரைக் கண்டால் இயக்குநர் சுற்றிக்கொண்டு போவார்.

ஆத்திரத்தில் நேராக அவரிடம் போனேன். எலும்புக்கூட்டின் இடது முன்கை எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. அதை வெளியாள் யாரிடமும் நாங்கள் சொன்னதில்லை. நானும் சொல்லாமல், பொதுவாகக் கேட்டேன்.

"உங்க தம்பிக்கு எப்பவாவது பெரிசா அடிபட்டிருக்காம்மா?"

"கை. இடது கை. சின்னதுல மாடிப்படியில நான்தான் தள்ளிவிட்டேன். கட்டுப்போட்டும் கோணலாத்தான் கூடுச்சு. சட்டை பட்டன் போடக் கடைசி வரைக்கும் என்னைத்தான் கூப்பிடுவான்."

அதே கை, அதே கோணல். கை ஒடிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அதை மட்டும் வைத்து இன்னார் என்று சொல்லக்கூடாது. வாயை மூடிக்கொண்டு குழிக்கே திரும்பினேன்.

சுவர் போனால் என்ன, எலும்பைச் சுற்றி மண் இருக்கிறதே. ஒரு குழிக்குள் கிடப்பவற்றில் எது கடைசியாகச் செய்யப்பட்டதோ, அதற்கு முன்னால் அந்தக் குழி மூடப்பட்டிருக்க முடியாது. பானை ஓடு ஆயிரம் கிடக்கட்டும். மூங்கில் குச்சியும் தூரிகையுமாக விலா எலும்புகளுக்கு நடுவே மண்ணை எடுக்க ஆரம்பித்தேன். மறுநாள் காலை, மேலே நாற்காலிகள் வந்து இறங்கும் நேரத்தில், தேடியது கிடைத்தது. கழுத்தெலும்புக்குக் கீழே இருந்ததைப் படம் பிடித்த பிறகு எடுத்து, இயக்குநரின் உள்ளங்கையில் வைத்தேன்.

நாலு துளை போட்ட வெள்ளைச் சட்டைப் பட்டன். பிளாஸ்டிக்.

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எந்தக் கடையில வாங்கினாராம்?"

அவர் முகம் செத்துப்போயிற்று. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என் கண்ணெதிரிலேயே பட்டனைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எலி இழுத்துட்டு வந்திருக்கும். அமைச்சர் வந்துட்டுப் போகட்டும். நம்ம குடும்பத்துக்குள்ள இருக்கட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் ஒரு முழு மனிதனை மறைக்கப் பார்க்கிறார். புதைத்தவன் மண்ணைப் போட்டுத்தான் மூடினான். இவர் படித்த படிப்பைப் போட்டு மூடுகிறார். என் அக்கா புருஷன் என்பதற்காக இதை விழுங்க என்னால் முடியாது.

"மாமா, ஒரு சட்டைக்கு ஒரு பட்டனா இருக்கும்?"

அவர் கை சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது.

"மிச்சமெல்லாம் நெஞ்சு நடுவுல வரிசையா, மண்ணோட அப்படியே இருக்கு. படம் எடுத்தாச்சு. போலீசுக்கும் சொல்லியாச்சு, வந்துட்டிருக்காங்க. நேத்து சுவரை வெட்டி நீங்க கத்துக்குடுத்த பாடம்தான். முதல்ல படம், அப்புறம்தான் சாப்பாடு."

வேலிக் கதவைத் திறந்து வேலியம்மாவைக் கூப்பிட்டேன். அமைச்சருக்காக வெட்டிய படிகளில், என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எலும்பைப் பார்த்ததும் அவர் கை தானாக நீண்டு, அந்தக் கோணல் கையிடம் போனது.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். "யாருன்னு சோதனை பண்ணணும்மா. உங்க கை பட்டா கெட்டுடும்." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சரிம்மா. இத்தனை வருஷம் தொடாமத்தானே இருந்தேன்."

கடைசிப் படியில் உட்கார்ந்து, கைகளை அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டார். விலா எலும்புகளுக்கு நடுவே இருந்த பட்டன்களைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கழுத்துக்குப் பக்கத்தில் கண் நின்றது.

"அன்னிக்கு மேல் பட்டன் வரைக்கும் நான்தான் போட்டு அனுப்பினேன்," என்றார். "அது எங்க?"

நான் அண்ணாந்து இயக்குநரின் சட்டைப்பையைப் பார்த்தேன்.