ஒரே ஒரு சுரண்டல்

...மறுபடியும் அதே வெள்ளைக் கோடு, முடியளவுதான் இருக்கும், ஆனால் லேபிளின் தலையிலிருந்து கால்வரை ஓடிப் பார்கோடின் கறுப்புக் கம்பிகளில் ஒன்றை அப்படியே தின்றுவிடுகிறது, மை ரிப்பனை மாற்றியாயிற்று, சூட்டை ஏற்றியாயிற்று, மற்ற எழுத்தெல்லாம் தடித்ததுதான் மிச்சம், எப்படிப் போகும், பிரிண்டரின் சூடேறும் ஹெட்டில் ஒரு புள்ளி செத்துவிட்டால் அங்கே சூடு ஏது, சூடில்லாமல் மை எப்படி இறங்கும், இருபத்திரண்டு வருஷமாக இந்தச் செர்ரிக் கிட்டங்கியில் லேபிள் அடிக்கிற வெர்னாவுக்கு இது தெரியாதா என்ன... எப்படிச் செத்தது என்பதும் தெரியும். காலையில் ஹெட்டில் ஒட்டிக்கொண்ட லேபிளை எடுக்க, ஸ்பிரிட் நனைத்த துணியைத் தேடப் பொறுமையில்லாமல், பேனாக்கத்தியால் ஒரே ஒரு சுரண்டல். கத்தியை ஹெட் பக்கமே கொண்டுவராதே என்று புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் பாடம் நடத்துகிறவள் யார்? அவளேதான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்ன வெர்னா, விளையாடுறியா? பதினோரு மணிக்கு லாரி கெளம்பணும், ஸ்கேனர் ஒண்ணக்கூடப் படிக்க மாட்டேங்குது!" சூப்பர்வைசர் ஹார்லன் கத்துகிறான், கத்தட்டும், அவன் கவலை அவனுக்கு, ஆயிரத்து இருநூறு பெட்டி நிற்கிறது, படிக்காத பெட்டியைச் சிகாகோ கடைக்காரன் வாசலோடு திருப்பிவிடுவான், ஜூலை வெயிலில் செர்ரி யாருக்காகக் காத்திருக்கும், இன்னொரு லோடு திரும்பினால் லேபிள் வேலையையே வெளியாளிடம் கொடுத்துவிடுவோம் என்று போன வாரம் முதலாளி சொன்னாரே... "புது ஹெட் நாளைக்குத்தான் வருமாம். ஆமா, இது எப்படிப் போச்சு?" என்றான் ஹார்லன். "பழசுப்பா, தேஞ்சிருக்கும்." சொல்லிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இப்போது என்ன செய்வாய் வெர்னா? கெட்டுப்போன லேபிளைக் கசக்கப் போனவள் கையிலேயே திருப்பிப் பார்த்தாள். கோடு காகிதம் ஓடுகிற திசையில் ஓடுகிறது, கம்பிகளும் அதே திசையில் நிற்கின்றன, அதனால்தான் ஒரு கம்பி முழுசாகப் போகிறது... கம்பிகள் குறுக்கே படுத்தால்? ஏணிப்படி மாதிரி? அப்போது கோடு எல்லாக் கம்பியிலும் துளித்துளியாக ஒரு கடி கடிக்கும், எதையும் முழுசாக விழுங்க முடியாது, மிச்சத்தை ஸ்கேனர் படித்துக்கொள்ளும்... அடிப்பாவி, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய்!

கம்ப்யூட்டரில் பார்கோடைத் தொண்ணூறு டிகிரி திருப்பினாள், பொத்தானை அமுக்கினாள், லேபிள் நாக்கை நீட்டுவதுபோல் வெளியே வந்தது, நடுவில் அதே வெள்ளைக் கோடு, ஸ்கேனரை நீட்டினாள்... பீப். இன்னொன்று. பீப். பத்து, இருபது, ஒன்றுகூடத் தப்பவில்லை, பெல்ட் ஓடியது, பெட்டிகள் ஓடின, "கில்லாடிடீ நீ!" என்று பெட்டி தூக்குகிறவர்கள்வரை கத்தினார்கள், பத்து ஐம்பதுக்கே லாரிக் கதவைச் சாத்தியாயிற்று, வெர்னாவுக்கு இந்த மிச்சிகன் மாநிலத்தையே தோளில் தூக்கிக்கொண்டு ஓடலாம் போலிருந்தது. ஜெயித்தாள், யார் என்ன சொன்னாலும் ஜெயித்தாள், தான் வெட்டிய குழியைத் தானே தாண்டியிருந்தால்தான் என்ன... ஹார்லன் வந்து காபிக் கோப்பையை வைத்தான், பக்கத்தில் அவளுடைய பேனாக்கத்தியையும். "பிரிண்டர் மூடிக்குள்ள கெடந்துச்சு, காலைலயே பாத்தேன்." முனையில் லேபிள் பசை காயாமல் இருந்தது. காலையிலேயேவா? தெரிந்துகொண்டேதானா கேட்டான்? அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான், ஆயிரத்து இருநூறு பெட்டியும் அவள் கிழித்த கோட்டைச் சுமந்துகொண்டு சிகாகோவுக்குப் போய்க்கொண்டிருந்தன, வெர்னா கத்தியை மடக்கினாள், காபி நன்றாகத்தான் இருந்தது.